சந்தேகப் பேரலை: ஒரு மராத்தி நகைச்சுவை நாடகத்தின் வரலாறு

காரணமின்றி மனைவியைச் சந்தேகிக்கும் கணவனைப் 'பால்குன் ராவ்' என்று அழைப்பது மராத்தியர் வழக்கு. இப்பெயர் உயிரோடு உலவிய மனிதர் எவருடையதும் அன்று. கோவிந்த பல்லாள் தேவல் என்னும் நாடகாசிரியர் படைத்த ஒரு பாத்திரத்தின் பெயர் அது. 'சங்கீத சம்சய கல்லோளம்' என்பது நாடகத்தின் பெயர். கல்லோலம் என்றால் பேரலை. சந்தேகமாகிய பேரலை ஒரு வீட்டுக்குள் புகுந்து அங்குள்ளோரையெல்லாம் புரட்டி எடுக்கும் கதை என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. இந்நாடகம் மேடையேறிய ஆண்டு 1916. நூறாண்டுகளுக்கு மேலாகியும் மகாராஷ்டிரத்து ரசிகர்கள் இதைக் கைவிடவில்லை.

தமிழ் நேயர்களுக்கு இந்நாடகத்தில் முதலில் புலப்படுவது பாத்திரங்களின் பெயர்களாகவே இருக்கும். கணவர் பால்குன் ராவ். பால்குனம் என்பது நமது பங்குனி. அவருடைய மனைவி கிருத்திகா, அதாவது கார்த்திகை. காதலி ரேவதி. காதலன் அசுவின் சேட். வேலைக்காரன் பாதவ்யா, பாத்ரபத மாதத்தின் பெயரைத் தாங்கியவன். ரோகிணியும் வைசாகரும் உண்டு. தேவல் பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பெயர் சூட்டினார் போலும்! விளையாட்டாகத் தோன்றும் இவ்வேற்பாட்டில் ஒரு முன்யோசனையும் இருந்தது என்று கருத இடமுண்டு. மாதத்துக்கும் நட்சத்திரத்துக்கும் சாதி இல்லை, குலம் இல்லை, ஊர் இல்லை. மனைவியைச் சந்தேகிக்கும் கணவனைப் பற்றி நாடகம் எழுதுகிறவர், 'இது என்னைக் குறித்தே எழுதப்பட்டது' என்று சபையில் எவரும் எழுந்துவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் அல்லவா?

கதை ஒரு தெருவில் தொடங்குகிறது. ரேவதி என்னும் இளம்பெண் வழியிலே மயங்கி விழுகிறாள். அவ்வழியே வந்த பால்குன் ராவ் அவளைத் தாங்கிக்கொள்கிறார். வயதில் முதிர்ந்த கணவர் ஓர் அழகியைக் கையில் ஏந்தி நிற்பதை மனைவி கிருத்திகா காண்கிறாள். அவள் ஓடி வருவதற்குள் ரேவதியும் இல்லை, கணவரும் இல்லை. தரையில் ஒரு படம் மட்டும் கிடக்கிறது. அது ரேவதி தன் காதலன் அசுவினிடமிருந்து பெற்ற அவனுடைய படம். கிருத்திகா அதை எடுத்துப் பார்க்கிறாள். அந்த நேரம் பார்த்துக் கணவர் திரும்பி வருகிறார். மனைவி பிற ஆடவனொருவனின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கண்கொட்டாமல் பார்ப்பது அவர் கண்ணில் படுகிறது. படம் கைமாறுகிறது. ரேவதிக்குத் தந்த படம் யாரோ ஒரு கிழவரின் கையில் இருப்பதை அசுவின் அறிகிறபோது அவன் மனத்திலும் நஞ்சு ஏறுகிறது. ஒரு படம், நான்கு மனிதர், நான்கு சந்தேகம். இதில் விந்தை யாதெனில், கற்பு தவறியவர் இந்நாடகத்தில் ஒருவர்கூட இல்லை. துரோகத்தைப் பற்றி இரவு முழுவதும் பேசும் நாடகத்தில் துரோகமே நிகழ்வதில்லை.

இக்கதை பூனாவில் பிறந்தது அன்று. இதன் பிறப்பிடம் பாரிஸ் நகரம்.

1660-ஆம் ஆண்டு மே மாதம் 28-ஆம் நாள், லூவர் அரண்மனைக்கு அருகிலிருந்த பெத்தி பூர்போன் அரங்கில், மோலியேர் 'ஸ்கானரேல்' என்னும் ஓரங்க நாடகத்தை நடத்தினார். மனைவி தன்னை வஞ்சித்துவிட்டாள் என்று கற்பனை செய்துகொள்ளும் கணவன் என்பது அதன் மறுபெயரின் பொருள். கணவன் வேடத்தை மோலியேரே தரித்தார். அப்போது அரசவை பாரிஸில் இல்லை. பதினான்காம் லூயி மன்னரின் திருமணத்துக்காக அரசகுடும்பமும் பிரபுக்களும் ஸ்பெயின் எல்லையை நோக்கித் தெற்கே சென்றிருந்தனர். பெரிய மனிதர்கள் ஊரில் இல்லாத கோடைக்காலம் நாடகக் கம்பெனிக்குப் பஞ்சகாலம். ஆயினும் அரங்கம் நிரம்பியது. மோலியேரின் ஆயுட்காலத்தில் மிகுதியான தடவை நடிக்கப்பட்ட அவருடைய நாடகம், பின்னாளில் உலகப் புகழ் எய்தியவற்றுள் எதுவும் அன்று. இச்சிறு நாடகமே அந்தப் பெருமையைப் பெற்றது. ரசிகர் ஒருவர் சில தடவை பார்த்து மனப்பாடம் செய்து முழு நாடகத்தையும் எழுதிவிட்டார் என்று கூறி, ஆசிரியரின் அனுமதியின்றி அதே ஆண்டில் அதை அச்சிட்டும் விற்றார்கள். திருட்டுப் பதிப்பு என்பது நம் காலத்துக் கண்டுபிடிப்பு அன்று.

மயங்கி விழும் பெண், தாங்கும் கணவன், பார்க்கும் மனைவி, தரையில் கிடக்கும் படம் ஆகிய நான்கும் மோலியேரிடமே அமைந்துவிட்டன. அவருடைய நாடகத்தில் முடிச்சை அவிழ்ப்பவள் ஒரு தோழிப் பெண். மற்றவர்கள் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டிருக்கையில் அவள் ஒருத்திதான் ஒவ்வொருவரிடமும் நேராகக் கேள்வி கேட்டு விடை வாங்குகிறாள். அரைநாழிகையில் குழப்பம் தீர்ந்துவிடுகிறது.

நூற்றொரு ஆண்டுகளுக்குப் பின், 1761 ஜூன் 15 அன்று, லண்டனில் ட்ரூரி லேன் அரங்கில் இக்கதை ஐந்து அங்க நாடகமாக வளர்ந்து மேடையேறியது. ஆசிரியர் ஆர்தர் மர்பி. அயர்லாந்தில் பிறந்தவர், வழக்கறிஞர், பத்திரிகாசிரியராகவும் நடிகராகவும் இருந்தவர். 'எல்லாரும் தவறினர்' என்று பொருள்படும் தலைப்பை அவர் இட்டார். மோலியேரிடம் சந்தேகம் ஒரு விபத்து. மர்பியிடம் அது ஒரு குடும்ப நோய். கணவனுக்கு நிகராக மனைவியும் சந்தேகிக்கிறாள், வேலைக்காரர்களைக் குறுக்கு விசாரணை செய்கிறாள், கிடைத்த விடையை நம்ப மறுக்கிறாள். வக்கீல் எழுதிய நாடகம் என்பதை அந்த விசாரணைக் காட்சிகளே காட்டிக்கொடுக்கின்றன. இன்னொரு செய்தியும் இங்கே நினைவுகூரத் தக்கது. மர்பி 1754-இல் லண்டன் மேடையில் முதன்முதலாகத் தோன்றியபோது ஏற்ற வேடம் ஒதெல்லோ. மனைவியைச் சந்தேகித்துக் கொன்ற ஒதெல்லோவாக மேடையில் நின்றவர்தாம் ஏழாண்டுகள் கழித்துச் சந்தேகத்தைச் சிரிப்பாக்கினார்.

இனிப் பூனாவுக்கு வருவோம். கோவிந்த பல்லாள் தேவல் 1855-இல் சாங்கலிக்கு அருகேயுள்ள ஹரிபூரில் பிறந்தவர். பெல்காமில் கல்வி பயின்று அங்கேயே ஆசிரியராகப் பணியாற்றினார். மராத்தி இசை நாடகத்துக்கு வழிவகுத்த அண்ணாசாகேப் கிர்லோஸ்கரைத் தம் குருவாகக் கொண்டார். 1880-இல் கிர்லோஸ்கரின் 'சாகுந்தலம்' பூனாவில் அரங்கேறியதிலிருந்து மராத்தி மேடையில் நாடகமும் சங்கீதமும் பிரியாத இரட்டையராயின. அந்தக் கம்பெனியில் நடிகர்களுக்குப் பயிற்சி அளிக்கும் பொறுப்பும் தேவலுக்கு இருந்தது. அவர் எழுதியவை ஏழு நாடகங்களே. அவற்றில் ஆறு, வடமொழியிலிருந்தோ ஆங்கிலத்திலிருந்தோ தழுவியவை. 1899-இல் வந்த 'சாரதா' ஒன்றே சொந்தக் கற்பனை. செல்வமுள்ள கிழவருக்குச் சிறுமியை மணமுடிக்கும் கொடுமையைக் கண்டித்தது அது.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட என் போன்றவர்கள் தேவலிடம் கற்க வேண்டியது நிறைய உண்டு. எங்களுக்கு மூலத்தில் உள்ள ஒரு காற்புள்ளியையும் விட உரிமை இல்லை. அவரோ மூலத்திலுள்ள மனிதர்களையே மாற்றினார். மாற்றியதால்தான் நாடகம் மராத்தியாயிற்று. மர்பியின் நாடகத்தை அவர் முதலில் 1890-களில் பாட்டில்லாத வசன நாடகமாக எழுதினார். 'பால்குன் ராவ் அல்லது தஸ்பீர்க் குழப்பம்' என்பது அதன் பெயர். தஸ்பீர் என்றால் சட்டமிட்ட படம். மோலியேர் காலத்துப் படம், ஓவியர் கையால் தீட்டப்பட்ட சிற்றுருவம், பணமுள்ளவருக்கே கிட்டுவது. தேவலின் காலத்திலோ பம்பாயிலும் பூனாவிலும் புகைப்பட நிலையங்கள் வந்துவிட்டன. ராஜா ரவிவர்மாவின் அச்சுக்கூடம் 1894-இல் பம்பாயில் தொடங்கி, தெய்வப் படங்கள் வீட்டுக்கு வீடு மாட்டப்பட்டன. சுவரில் தஸ்பீர் இல்லாத வீடு இல்லை என்னும் நிலை உருவாகிவந்த காலத்தில், ஒரு தஸ்பீர் குடும்பத்தைக் குலைக்கும் கதையை ரசிகர் எளிதில் நம்பினர்.

ஆனால் படத்தை மாற்றுவது எளிது. கதாநாயகியை என்ன செய்வது?

மர்பியின் நாயகி ஒரு கனவானின் மகள். மணமாகாத வயதுவந்த பெண். தான் விரும்பியவனைத் தேர்ந்தெடுக்கிறாள். அவன் படத்தை வைத்திருக்கிறாள். பொது இடத்தில் நடமாடுகிறாள். இத்தகைய ஒருத்தி தேவல் வாழ்ந்த பூனாவின் மத்தியதர வீடுகளில் இல்லை. பெண்களுக்குப் பூப்பெய்துமுன் மணம் முடிப்பதே அங்கு வழக்கம். 1891-இல் அரசாங்கம் பெண்ணின் சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தியதற்கே பூனா நகரம் இரண்டுபட்டுச் சண்டையிட்டது. பன்னிரண்டைப் பற்றி இத்தனை சண்டை நடந்த ஊரில், இருபது வயதுக் கன்னி ஒருத்தியைக் குடும்பப் பெண் என்று மேடையில் நிறுத்திக் காதல் பாட்டுப் பாடவைக்க இயலுமா?

தேவல் கண்ட வழி, ரேவதியை நாயக்கிணி ஒருத்தியின் மகளாக்கியது. ஆடல் பாடலைக் குலத்தொழிலாகக் கொண்ட கணிகையரை மராத்தியில் நாயக்கிண் என்பர். அவ்வீட்டுப் பெண்ணுக்குப் பாடத் தெரிவதும், ஆடவருடன் பேசத் துணிவு இருப்பதும், மணமாகாமல் இருப்பதும் இயல்பே. இந்த வழி அவருக்குப் புதிதன்று. சூத்திரகரின் 'மிருச்சகடிகத்தை' அவர் 1887-இலேயே மராத்தியாக்கியிருந்தார். அதிலும் நாயகி வசந்தசேனை கணிகைதான். அவளுக்கு வேண்டியதும் மனைவி என்னும் பதவிதான். ரேவதியின் பின்னால் வசந்தசேனையின் நிழல் நிற்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

மேடை வசதிக்காகச் செய்யப்பட்ட இந்த மாற்றம் கதையின் எடையையே மாற்றிவிட்டது. மர்பியின் நாயகன் தன் காதலியைச் சந்தேகித்தால் அது இரண்டு நாட் பிணக்கு. அசுவின் ரேவதியைச் சந்தேகித்தால் ஊர் முழுவதும் அவன் பக்கம் நிற்கும். 'அந்த வீட்டுப் பெண் வேறு எப்படி இருப்பாள்?' என்று கேட்கக் காத்திருக்கிறது உலகம். அவளுடைய சொல்லுக்குச் சாட்சி இல்லை. அவள் பிறப்பே அவளுக்கு எதிர்ச்சாட்சி. ஒருவனையே மணந்து வாழ விழையும் பெண்ணுக்கு, கீழே விழுந்த ஒரு படத்தால் அந்த ஒரு வழியும் அடைபடும் அபாயம் உண்டாகிறது. சபையோர் சிரித்துக்கொண்டே இருக்கிறார்கள். அவள் இழக்கக்கூடியதோ வாழ்வு முழுவதையும்.

கிருத்திகாவின் நிலையும் அவ்வாறே. கணவனும் மனைவியும் சமமாகச் சந்தேகிக்கிறார்கள் என்பதிலிருந்தே நகைச்சுவை பிறக்கிறது. ஆனால் அக்காலச் சட்டத்தின் முன் அவர்கள் சமம் அல்லர். 1860-இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவின்படி, பிறன் மனைவியோடு அவள் கணவனின் இசைவின்றி உறவு கொள்ளும் ஆடவனுக்கு ஐந்தாண்டுவரை சிறைத் தண்டனை உண்டு. அதாவது பால்குன் ராவ் தம் சந்தேகத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டு செல்லலாம். கிருத்திகாவுக்கு அத்தகைய வழி ஏதும் இல்லை. கணவன் வேறொருத்தியை நாடினால் மனைவி வழக்குத் தொடர அப்பிரிவில் இடமில்லை. அதுமட்டுமன்று, அவர் விரும்பினால் இரண்டாவது மனைவியையும் முறைப்படி வீட்டுக்கு அழைத்து வரலாம். பம்பாய் மாகாணத்தில் இந்துக்களின் இருதார மணம் 1946-இல்தான் தடை செய்யப்பட்டது. இந்தியா முழுமைக்கும் 1955-இல். எனவே கிருத்திகா கணவரின் பின்னே ஒற்றறியப் புறப்படும்போது அவளைப் பொறாமைக்காரி என்று மட்டும் சொல்லிவிடுதல் நியாயமாகாது. அவள் காக்க முயல்வது தன் அடுக்களையையும் சாவிக்கொத்தையும்கூட. 497-ஆம் பிரிவு அரசமைப்புக்கு மாறானது என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்து அதை நீக்கிற்று. நாடகம் மேடையேறி அப்போது 102 ஆண்டுகள் கடந்திருந்தன.

இந்நாடகத்தைத் தனியாகப் படிப்பதைவிட, தேவலின் 'ஜுஞ்சார் ராவ்' நாடகத்தின் அருகே வைத்துப் படிப்பது நன்று. 1890-இல் வெளிவந்த அது 'ஒதெல்லோ'வின் தழுவல். ஆக, மர்பியைப் போலவே தேவலும் முதலில் ஒதெல்லோவைச் சந்தித்துவிட்டே சிரிப்பு நாடகத்துக்கு வந்தார். அங்கே ஒரு கைக்குட்டை. இங்கே ஒரு படம். இரண்டும் இடம் மாறிக் கிடந்த பொருள்கள்; இரண்டையும் கண்ட கணவன் தன் கண்ணையே சாட்சியாகக் கொள்கிறான். ஒதெல்லோவின் அருகே நஞ்சூட்டுவதற்கென்றே ஒருவன் நிற்கிறான். பால்குன் ராவுக்கு அப்படி ஒருவன் தேவையே இல்லை. அந்த வேலையைத் தமக்குத் தாமே செய்துகொள்கிறார். ஆனால் அவர் வீடு வேலைக்காரர்களும் அண்டை அயலாரும் வந்துபோகும் வீடு. அவர் ஒன்றை மறைத்தால் வேலைக்காரன் உளறிவிடுகிறான். மனைவி எதிர்த்துக் கேட்கிறாள். படையணி நடுவே, சொந்த ஊரை விட்டு வெகுதொலைவில், மனைவியோடு தனித்திருந்த ஒதெல்லோவுக்கு இந்தப் பேறு கிட்டவில்லை. கிருத்திகா வாயடைத்துப் போகிறவளாக இருந்திருந்தால் இக்கதையும் கொலையில் முடிந்திருக்கக்கூடும் என்று நினைக்கையில் சிரிப்பு சற்று நின்றுவிடுகிறது.

வசன நாடகத்துக்குப் பாட்டுகளைச் சேர்த்து தேவல் இசை நாடகமாக்கியது தம் வாழ்வின் இறுதிப் பகுதியில். 1916 ஜூன் 14 அன்று அவர் காலமானார். அதே ஆண்டில் கந்தர்வ நாடக மண்டலி 'சம்சய கல்லோளத்தை' அரங்கேற்றியது. 1913-இல் அம்மண்டலியை நிறுவிய மூவர் பாலகந்தர்வர், கோவிந்தராவ் டெம்பே, கண்பத்ராவ் போடஸ் ஆகியோர். போடஸ் பால்குன் ராவ் வேடமேற்றார். பாலகந்தர்வர் ரேவதியாக வந்தார். பெண்கள் மேடையேறாத அக்காலத்தில் பெண் வேடத்துக்கு அவருக்கு இணை இல்லை. அவர் சேலை உடுத்தும் பாங்கையும் பூச்சூடும் முறையையும் பார்த்துக் குடும்பப் பெண்கள் தம் உடையை மாற்றிக்கொண்டார்கள் என்பது பலரும் எழுதிவைத்த செய்தி. குடும்பப் பெண்ணுக்கு மறுக்கப்பட்ட மேடையில், நாயக்கிணியின் மகளாக ஓர் ஆடவர் நடிக்க, அவரைப் பார்த்துக் குடும்பப் பெண்கள் அலங்காரம் கற்றார்கள்! சமூக வரலாற்றில் இதைவிட வேடிக்கையான முடிச்சைக் காண்பது அரிது.

பாட்டுகள் பெரும்பாலும் காதலர் இருவருக்கே உரியவை. கணவனும் மனைவியும் முக்கியமாகப் பேச்சாலேயே மோதுகிறார்கள். இந்தப் பங்கீடு மிகப் பொருத்தமானது என்பது என் கருத்து. மர்பியின் காதலரை இன்று படிக்கும்போது சலிப்புத் தட்டுகிறது. அவர்களுடைய பிணக்கு வெறும் சொல்லாகவே நின்றுவிடுகிறது. ரேவதிக்கும் அசுவினுக்கும் ராகம் கைகொடுக்கிறது. அதே சமயம் ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். 'ஒன்ஸ் மோர்' என்ற கூச்சல் எழுந்தால் பாலகந்தர்வர் மறுக்காமல் மீண்டும் பாடுவார். நாடகம் விடியும்வரை நீளும். சந்தேகம் என்பது சூடு ஆறுமுன் பரிமாறப்பட வேண்டிய பண்டம். இரண்டு மணி நேரப் பாட்டுக்குப் பின் படம் யார் கையில் இருந்தது என்பதே மறந்துபோகும். அக்காலத்து ரசிகர்களுக்கு அது பொருட்டாகவே இல்லை.

பேசும் படம் வந்ததும் மராத்தி நாடகக் கம்பெனிகள் பல நொடித்துப் போயின. பாலகந்தர்வர் 1967-இல் மறைந்தார். ஆயினும் இந்நாடகம் அவரோடு மறையவில்லை. பின்வந்த தலைமுறையில் வசந்தராவ் தேஷ்பாண்டே போன்ற பெரும் பாடகர்கள் இதன் பாடல்களைக் கச்சேரி மேடைக்கும் கொண்டு சென்றார்கள். இந்த நூற்றாண்டில் பிரசாந்த் தாம்லே பால்குன் ராவாகவும், வசந்தராவின் பேரர் ராகுல் தேஷ்பாண்டே அசுவினாகவும் நடித்து நாடகத்தை மீண்டும் நடத்தினார்கள். ரேவதியாகப் பெண்ணே வந்தார். விடியவிடிய நடந்தது ஒரு மாலைப்பொழுதுக்குள் அடங்குமாறு சுருக்கப்பட்டது. பல பாட்டுகள் போயின. தெருவில் அவள் மயங்கி விழுவதும், படம் தரையில் கிடப்பதும், கிருத்திகா குனிந்து அதை எடுப்பதும் அப்படியே இருக்கின்றன.